கிரீஸ் ஊசி பால் ஜாயிண்ட்டைக் காப்பாற்றாது

"பால் ஜாயிண்ட்டில் கடகட சத்தமா? ரப்பர் உறைக்குள் (boot) சிரிஞ்சால் கிரீஸ் ஏற்றுங்கள், புது பார்ட் தேவையில்லை" என்று சுற்றிவரும் யோசனை தவறு, ஆபத்தும்கூட. பால் ஜாயிண்ட் என்பது கார் சக்கரத்தை சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு.

சத்தம் சில நாள் அடங்கும், உண்மைதான். ஆனால் தேய்ந்திருப்பது உள்ளே இருக்கும் உருண்டையும் அது உட்காரும் கிண்ணமும். அந்த இடைவெளியை கிரீஸ் அடைக்காது. போதாக்குறைக்கு, ஊசி குத்திய துளை வழியே தண்ணீரும் மண்ணும் இறங்கும். முற்றினால் உருண்டை கழன்று, ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும்.

ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள்: ஆட்டம் நின்றால் பெரும்பாலும் வீல் பேரிங், தொடர்ந்தால் பால் ஜாயிண்ட்டைப் பாருங்கள். 3 மணி, 9 மணியில் மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை மூட்டு) பக்கம் சந்தேகம்.

டை ராட் எண்ட் மாற்றும்போது எத்தனை சுற்றில் கழன்றது என எண்ணி, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றுங்கள். நட்டு கழலாமல் பிடிக்கும் பழைய ஸ்பிளிட் பின்னை மறுபடி போடாதீர்கள். அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) அதற்குப் பிறகுதான். தேய்ந்த பாகத்தோடு செய்தால் காசு வீண்.

கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றுவதற்கான சிறு முனை) வைத்த ஜாயிண்ட்டுகள் வேறு கதை. அவற்றுக்கு கிரீஸ் கன் கட்டாயம், அதுவும் தேய்வதற்கு முன்.