செலவைக் குறைத்தால் அது எங்கே போகிறது?

"அரசாங்கமும் குடும்பம் மாதிரிதான், வரவு குறைஞ்சா வாயைக் கட்டணும், வயித்தைக் கட்டணும்" என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. மலேசியாவில் நம் பத்தாங் பெர்ஜுந்தை ஊர் ஆட்களே நிறையப் பேர் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். நல்ல காலத்தில் ஊதாரித்தனம் கூடாது என்று சொன்னால் நானும் தலையாட்டுவேன். நாடே படுத்துக் கிடக்கும்போது இந்தப் பேச்சு ஆகாது என்பதுதான் என் கட்சி.

ஒரு குடும்பம் சிக்கனம் பிடித்தால் அது தப்பித்துக்கொள்ளும், ஏனென்றால் சம்பளம் வெளியிலிருந்து வருகிறது. எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்தில் சிக்கனம் பிடித்து, முதலாளியும் பிடித்து, அரசாங்கமும் சேர்ந்து பிடித்தால் சம்பளம் யார் கொடுப்பது? அந்தச் செலவு மாயமாக மறைந்துவிடாது. கீழே இருப்பவன் தலைக்கு இறங்கும்.

நம் மலாயா ரப்பர் தோட்டத்துக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1929-இல் ஒரு பவுண்டு ரப்பர் ஏறத்தாழ 34 காசு. 1932-இல் 7 காசு வாக்கில் வந்து நின்றது. காலனி அரசு அப்போது என்ன செய்தது? ஆண்களின் நாள்கூலி 50 காசிலிருந்து 40, பெண்களுக்கு 40-லிருந்து 32. மதராஸிலிருந்து ஆள் எடுப்பதை 1930-இல் நிறுத்தியது. வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் அப்படிப் போனார்கள். எங்கள் தாத்தாவின் அண்ணனும் அதில் ஒருவர். அவர் போனதோடு அந்தக் கிளை எங்களுக்கு அறுந்துபோனது. கணக்குப் பார்த்தால் அரசுக்கு மிச்சம்தான். மலாயாவின் வேலையில்லாத் திண்டாட்டம் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் ஏற்றுமதியானது, அவ்வளவுதான். 1934-இல் உலக ரப்பர் உற்பத்திக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வந்து விலை நிமிர ஆரம்பித்ததும், மறுபடியும் அங்கேயே போய் ஆள் எடுத்தார்கள்!

அதே காலத்தில் அமெரிக்காவில் நூற்றுக்கு 25 பேருக்கு வேலை இல்லை. 1933-இல் பதவிக்கு வந்த ரூஸ்வெல்ட், இளைஞர்களைக் காட்டு வேலைக்கு எடுத்து மாதம் 30 டாலர் கொடுத்தார். அதில் 25 டாலரை வீட்டுக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. பணம் மளிகைக்கடைக்குப் போய்ச் சேரும் அல்லவா? அவர் கொள்கையில் ஓட்டையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1937-இல் அவரே அவசரப்பட்டுச் செலவை வெட்டினார், மந்தம் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டது.

நாமும் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்தான். 1997 டிசம்பரில், ரிங்கிட் (நாம் வெள்ளி என்று சொல்வது) சரிந்துகொண்டிருந்த நேரத்தில், அரசாங்கச் செலவை 18 விழுக்காடு குறைப்பதாக அறிவிப்பு வந்தது. வட்டியும் ஏறியது. 1998-இல் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று கட்டிப்போட்டு, பணம் வெளியே ஓடாமல் தடுத்து, வட்டியை இறக்கி, செலவைத் திறந்துவிட்டார்கள். அப்போதைய பிரதமர் மகாதீரின் மற்ற விஷயங்களில் எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. இதில் இல்லை.

2020-ஐ மச்சான் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு மார்ச் 18-இல் தொடங்கியது. கடன் எழுதும் 555 நோட்டுகளை மச்சான் ரப்பர் பேண்டு போட்டு கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். கணக்கு எழுத உதவிக்குப் போனபோது புரட்டினேன். முதலில் 10 கிலோ அரிசி, மைலோ, பால் மாவு, சார்டின் என்று எழுதியிருந்தது. அப்புறம் மைலோ காணோம். அடுத்த பக்கங்களில் அரிசி 5 கிலோவாகிவிட்டது. சாப்பாட்டைக் குறைப்பது ஒரு வீட்டில் எப்படி நடக்கிறது என்பதை அந்தச் சின்ன நோட்டில் தேதிவாரியாகப் பார்க்கலாம். மாதம் 4,000 வெள்ளிக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு 1,600 வெள்ளி என்று அரசாங்கப் பணம் வங்கியில் விழுந்ததும், ஆட்கள் வந்து பாக்கியை அடைத்தார்கள். மச்சான் கிள்ளான் மொத்தக் கடைக்காரருக்குக் கட்டினார். அவர் லோரி டிரைவருக்குக் கொடுத்திருப்பார். ஒரே பணம், எத்தனை கை! அதைக் கொடுக்காமல் விட்டிருந்தால் மிச்சம் என்று சொல்பவர்கள் ஒரு நாள் வந்து அந்தக் கல்லாவில் உட்காரட்டும்.

கடன் தவணையை ஆறு மாதம் ஒத்திவைத்ததும், ஊதிய மானியமும் நல்ல காரியங்கள்தான். சேமநிதி விஷயம்தான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, கடைசியில் 2022-இல் சிறப்பு மீட்பு என்று நாலு திட்டத்தில் மக்கள் சேமநிதியிலிருந்து எடுத்தது ஏறத்தாழ 145 பில்லியன் வெள்ளி. நம் கிழட்டு வயதுக்கு வைத்திருந்த காசை நாமே எடுத்துச் சாப்பிட்டோம். அதற்கு நன்றி சொல்லி போஸ்டர் வேறு ஒட்டினார்கள். எடுத்தவர்களைக் குறை சொல்லமாட்டேன், வேறு வழி இல்லை. அரசாங்கம் கடன் வாங்கித் தாங்கியிருக்க வேண்டிய சுமையை, பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியற்காலை ஆள்கணக்கு எடுப்பதற்கு) நின்ற ஆளின் அறுபதாவது வயது தாங்குகிறது. இதைத்தான் கீழே இறங்கும் என்று மேலே சொன்னேன்.

அடுத்த மந்தம் எப்போது என்று யாருக்கும் தெரியாது, ஏற்பாட்டை இப்போதே செய்யலாம். 2018 முதல் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை காப்புறுதித் திட்டம் இருக்கிறது. வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு குறைந்துகொண்டே போய் ஆறு மாதம் வரை கிடைக்கும். 1998-இல் இது இருந்திருந்தால் எத்தனை வீடு தப்பியிருக்கும்! ஆனால் ஒட்டுக்கடை போட்டிருப்பவருக்கும், சொந்த லோரி ஓட்டுபவருக்கும் இது கிடையாது. இன்று செம்பனைக் குலை வெட்டும் இந்தோனேசியருக்கும் வங்காளதேசிக்கும் அறவே கிடையாது. "அவன் வெளிநாட்டுக்காரன், அனுப்பிவிடலாம்" என்று கீழே கருத்து எழுத வருபவர்கள், தங்கள் தாத்தா எந்த வருஷம் வந்தார், 1931-இல் அவரை ஏன் கப்பலேற்றவில்லை என்று வீட்டில் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.