மணலிக்கரை ஓலையும் காவாலம் பணிக்கரும்

போன மாதம் வெளியூர் நண்பர் ஒருவரைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனேன். அரண்மனை தமிழ்நாட்டில், பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது விட்டுப்போன கணக்குகளில் ஒன்று. நண்பருக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. இதைவிடப் பெரிய வேடிக்கை பக்கத்து மணலிக்கரையில் இருக்கிறது என்றேன். அவர் ஏதோ அருவி என்று நினைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். திருநெல்வேலிச் சீமைத் தருவையில் பிறந்த த. கணபதி சாஸ்திரி, திருவிதாங்கூர் அரசுக்காகப் பழைய சுவடிகளைத் தேடி அலைந்தவர். 1909 வாக்கில் மணலிக்கரை மடத்தில் மலையாள எழுத்தில் எழுதிய ஒரு ஓலைக்கட்டு அவர் கையில் கிடைத்தது. உள்ளே சமஸ்கிருத நாடகங்கள். பிறகு கிடைத்தவற்றையும் சேர்த்து மொத்தம் பதின்மூன்று. பழைய சமஸ்கிருத நாடகாசிரியர் பாசன் எழுதியவை என்று சொல்லி 1912 முதல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல் வரிசையில் அவற்றைப் பதிப்பித்தார். எல்லாமே பாசனுடையதுதானா என்று பண்டிதர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள், போடட்டும். எனக்கு முக்கியம், அந்த ஓலையிலிருந்த எழுத்தை மேடையில் நடக்கவிட்ட ஒரு கேரளத்துக் குட்டநாட்டுக்காரர். காவாலம் நாராயணப் பணிக்கர்.

அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம் ஆட்கள் "ஓ, சோதனை நாடகமா?" என்று முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். அந்த முகத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

அவர் பிறந்தது 1928இல், காவாலம் என்ற ஊரில். சென்னையில் சட்டம் படித்து ஆலப்புழையில் கொஞ்ச காலம் வக்கீலாக இருந்தார். 1961இல் கேரள சங்கீத நாடக அகாதெமியின் செயலாளராகத் திருச்சூர் போனார். கறுப்புக் கோட்டு அதோடு போயிற்று. அகாதெமி வேலை என்றால் கோப்பு பார்ப்பது என்று நினைக்க வேண்டாம். தெய்யம், படையணி, கூடியாட்டம், சோபான சங்கீதம் என்று கேரளத்துப் பழைய கலைகளை ஊர் ஊராகப் போய்ப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அது. அன்றைய மலையாள மேடையோ வேறு. 1952இல் தோப்பில் பாசியின் 'நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி' வந்ததிலிருந்து, வீட்டுத் திண்ணையை அப்படியே மேடையில் வைத்து வசனம் பேசுவதுதான் நாடகம். அந்த நாடகங்கள் ஊரையே மாற்றின, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடிகனுக்கு வாய் மட்டும் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

1967இல் சாஸ்தாம்கோட்டையில் ஜி. சங்கரப் பிள்ளை முதலியோர் நாடகக் களரி, அதாவது நாடகப் பயிற்சி முகாம் நடத்தினார்கள். அதை ஒட்டி சி. என். ஸ்ரீகண்டன் நாயர் 'தனது நாடகவேதி' என்ற எண்ணத்தை முன்வைத்தார். நமக்கென்று ஒரு அரங்கு வேண்டும் என்ற பேச்சு. பேசியவர்கள் பலர். அதை உடம்பாகவும் தாளமாகவும் ஆக்கிக் காட்டியவர் பணிக்கர். அவர் நாடகத்தில் வசனத்துக்கு நடுவே வாய்த்தாரி வரும். தித்தை தகதை என்று தாளத்தை வாயால் சொல்வது. வயலில் நாற்று நடுகிறவர்களும் வள்ளத்தில் துடுப்பு வலிக்கிறவர்களும் பாடிய நடை அது.

1970களின் நடுவில் 'அவனவன் கடம்ப'. ஜி. அரவிந்தன் இயக்கி, திருவனந்தபுரத்தில் மரத்தடித் திறந்தவெளியில் நடந்தது. நெடுமுடி வேணுவும் கோபியும் அதில் ஆடினார்கள். கடம்ப என்றால் வேலி வாசலில் மாடு நுழையாமல் குறுக்கே போடும் தடை. ஆட்டப் பண்டாரங்களும் பாட்டுப் பரிஷைகளும் (பாட்டுக் கூட்டம்) திருவிழாவுக்குப் போகிறார்கள், அவனவன் தடையை அவனவனே தாண்ட வேண்டும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? பண்டாரம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் உரை எழுத வேண்டியதில்லை.

நான் முதலில் பார்த்தது 'மத்யம வியாயோகம்'. கல்லூரிக் காலம். குழித்துறையில் பாசஞ்சர் ரயில் ஏறி சித்தப்பாவோடு போனேன். சித்தப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிப்பவர். சமஸ்கிருத நாடகம் என்று சொன்னால் வர மாட்டார் என்று செண்டைக் கச்சேரி என்று சொல்லியிருந்தேன்.

இரண்டு பேர் ஒரு திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் பின்னாலிருந்து முதலில் தெரிந்தது கடோத்கசனின் விரல்கள் மட்டும். அப்புறம் கிரீடம். செண்டை ஏற ஏறச் சீலை நடுங்குகிறது, ஆள் வெளியே வரவில்லை. சித்தப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கதை சின்னதுதான். தாய் இடும்பிக்கு இரை வேண்டும், மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு பிராமணனை கடோத்கசன் மறிக்கிறான். மூத்தவனை அப்பா விடவில்லை, கடைக்குட்டியை அம்மா விடவில்லை, நடுப்பிள்ளை தானாகவே முன்வருகிறான். தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பத் தாமதமாக, "மத்யமா!" (நடுவிலவனே) என்று கடோத்கசன் கூப்பிட, அந்தப் பெயருக்கு உரிய இன்னொரு நடுப்பிள்ளை வந்து நிற்கிறான். பீமன். அப்பன் என்று தெரியாமல் மகன் மோதுகிறான்.

சித்தப்பா மூன்று பேரில் நடுவிலான். அந்தக் கட்டத்தில் என் தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "நடுவுலவனுக்கு எங்க போனாலும் இதாக்கும் கெதி" என்றார். சமஸ்கிருதத்தில் அவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. திரும்பி வரும்போது ரயில் ஜன்னல் கம்பியில் அந்தத் தாளத்தை விரலால் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பொய் சொல்லிக் கூட்டிவந்ததைப் பாறசாலை தாண்டிய பிறகுதான் கேட்டார்.

அந்த ஆண்டே நாங்களும் 'சோதனை' செய்தோம். கறுப்பு பேன்ட், கறுப்பு பனியன், கையில் ஒரு கயிறு. ஊர்க்கோயில் கொடைத் திருவிழாவில் மேடை கொடுத்தார்கள். கயிற்றை அரை மணி நேரம் இழுத்தோம். முன் வரிசையிலிருந்து ஒரு பாட்டா, "லேய், கயிறு யாருக்க கயிறு?" என்று கேட்டார். எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. கேள்வி சரியானது என்று புரிய எனக்குப் பத்து வருடம் ஆயிற்று.

பணிக்கர் மேல் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. பிற்காலத்தில் 'கர்ணபாரம்', 'ஊருபங்கம்', 'சாகுந்தலம்' என்று அவருடைய சோபானம் குழு வடக்கே போகப் போக, அழகு கூடியது, உள்ளூர்ச் சண்டை குறைந்தது என்று எனக்குப் படுகிறது. 2001இல் டெல்லியில் மோகன்லால் கர்ணனாக சமஸ்கிருதம் பேசினார். அது பெரிய சாதனைதான், ஆனால் எனக்குப் பிடித்தது பண்டாரங்கள்தான். 1984இல் சங்கீத நாடக அகாதெமி இளம் இயக்குநர்களுக்கு உதவித் திட்டம் கொண்டுவந்த பின், நாட்டார் கலையில் ஒரு துண்டை வெட்டி ஒட்டினால் நாடகம் என்று பலர் கிளம்பியதும் உண்டு. அதற்கு அவர் பொறுப்பில்லை. வேர்வரை போனவரைப் பார்த்து இலையைப் பறித்தவர்கள் அவர்கள்.

தமிழிலும் 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை தொடங்கினார், தெருக்கூத்தை விட்டு விலகாமல் நின்றார். நாங்குநேரியில் பிறந்த செ. ராமானுஜம், திருச்சூர் நாடகப் பள்ளியில் பணியாற்றிவிட்டுத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஆக வழி அடைத்துக் கிடக்கவில்லை. நாங்கள்தான் நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. வில்லுப்பாட்டு, களியல், தோல்பாவைக்கூத்து, திருவட்டாறு கோயில் கதகளி, இவ்வளவும் ஒரு பஸ் தூரத்தில். போதாததற்கு அந்த ஓலைக்கட்டே இங்கிருந்து போனது. பணிக்கர் மலையாளி என்று நாங்களும் வில்லுப்பாட்டு தமிழ் என்று அவர்களும் கைகழுவியாயிற்று. தாளத்துக்கு களியக்காவிளை எல்லையில் செக்போஸ்ட் கிடையாது.

2016 ஜூன் 26 அன்று பணிக்கர் இறந்தார். பத்மபூஷண் முதல் எல்லா விருதும் அவருக்கு வந்திருந்தது. அன்று சித்தப்பாவிடம் சொன்னேன். "அந்த நடுவுலவன் நாடகக்காரரா?" என்றார், பிறகு ஒன்றும் பேசவில்லை.

சித்தப்பாவும் இப்போது இல்லை. இந்த வருடக் கொடையில் வில்லுப்பாட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் நடுவே முக்கால் மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். கடோத்கசன் கதைதான், எங்கள் பேச்சுத் தமிழில். செண்டைக்குப் பதிலாகக் குடமும் உடுக்கையும். ஞாயிறு மாலைகளில் பயிற்சி. கடோத்கசன் கிடைத்துவிட்டான், பீமனும் கிடைத்துவிட்டான். பத்தியால் (குடத்தின் வாயில் அடிக்கும் தட்டை) குடம் அடிக்கத்தான் ஆள் இல்லை. தக்கலை, திருவட்டாறு, மார்த்தாண்டம் பக்கம் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். கயிறு யாருடையது என்று இந்த முறை யோசித்து வைத்திருக்கிறோம்.