யங்கர் குடும்பம் குடியிருந்தது தெற்கில் அல்ல

'எ ரெய்சின் இன் தி சன்' நாடகம் அமெரிக்காவின் தென்மாநில நிறவெறிச் சட்டங்களைப் பற்றியது, கடைசியில் குடும்பம் புதுவீட்டில் சுகமாக வாழ்கிறது என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் இந்த நாடகம் 1959-இல் பிராட்வேயில் அரங்கேறியது. கதை நடப்பது வடக்கே, சிகாகோவின் சவுத் சைடில். யங்கர் என்ற கறுப்பர் குடும்பத்தின் ஐந்து பேருக்கு ஒரு நெருக்கடியான குடியிருப்பு; சிறுவன் டிராவிஸ் படுப்பது கூடத்து சோபாவில்; குளியலறை பக்கத்து வீட்டாரோடு பொது. கணவர் இறந்து வந்த காப்பீட்டுப் பணம் 10,000 டாலரில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்து, வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குகிறார் குடும்பத்தின் மூத்தவரான லீனா. புரட்சி செய்ய அல்ல. கறுப்பர்களுக்கென்று தள்ளிக் கட்டிய வீடுகளின் விலை இரண்டு மடங்கு என்பதால்.

அங்கே தடுப்பது தென்மாநிலங்களைப் போல 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற சட்டமோ பலகையோ அல்ல. அந்தப் பகுதி வெள்ளையர் சங்கத்தின் சார்பில் லிண்ட்னர் என்பவர் வந்து, மரியாதையாகப் பேசி, வராமலிருக்கப் பணம் தருகிறேன் என்கிறார். (அந்த மரியாதைதான் எரிச்சலூட்டுகிறது.)

இதெல்லாம் கற்பனை மட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. ஹான்ஸ்பெரியின் தந்தை 1937-இல் அப்படி ஒரு பகுதியில் வீடு வாங்கினார். கும்பல் வீட்டைத் தாக்கியது; வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1940-இல் அவர் பக்கம் தீர்ந்தது. ஆனால் வழக்கு நடத்திய முறை பற்றிய சட்டக் காரணத்தால்தான். இனத்தடை ஒப்பந்தங்களை (கறுப்பர்களுக்கு வீட்டை விற்க மாட்டோம் என்று வீட்டுக்காரர்கள் செய்துகொண்டவை) நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு 1948-இல்தான் வந்தது.

சரி, முடிவு? குடும்பம் சாமான்களோடு கிளம்புகிறது. புதுவீட்டில் என்ன ஆனது என்று நாடகம் காட்டவே இல்லை.