கேலரியில் உட்கார்ந்து கத்தும் அப்பா அம்மாக்களுக்கு

போன செவ்வாய்க்கிழமை மகளின் கூடைப்பந்து ஆட்டம் முடிந்து வெளியே வந்தேன். பள்ளிக்கூடத்துப் பாதுகாவலர் ஒருவர் நடுவரோடு கூடவே நடந்து, அவரைக் கார் வரை கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த நடுவருக்குப் பத்தொன்பது, இருபது வயதுக்கு மேல் இருக்காது. கல்லூரிப் பையன். கோடு போட்ட சட்டைக்கு மேல் குளிர்கோட்டை அவசரமாக மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனான். அவன் நடத்தியது பதினைந்து, பதினாறு வயதுப் பெண்பிள்ளைகள் ஆடிய ஜேவி ஆட்டம், அதாவது பள்ளியின் முதல் அணியான வார்சிட்டிக்கு அடுத்த அணியின் ஆட்டம். கோப்பை கிடையாது, பத்திரிகையில் ஒரு வரி வராது. அதற்குத்தான் ஒரு பிள்ளைக்குக் காவல் தேவைப்பட்டது.

அன்றைக்கு அவனை அதிகம் திட்டியது எங்கள் பக்கத்து கேலரி. அதில் முதல் குரல் ஒரு தமிழ் அப்பாவுடையது. எனக்கு நன்றாகத் தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை எதிரே வந்தால் கையிலிருக்கும் போனைப் பைக்குள் வைத்துவிட்டு நின்று பேசுபவர். நாங்கள் எல்லோரும் அப்படி வளர்ந்தவர்கள்தான். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று வாத்தியாரிடம் சொன்ன அப்பாக்களின் பிள்ளைகள். அந்தப் பேச்சும் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அங்கிருந்து கிளம்பி நியூஜெர்சிக்கு வந்த நாம், ஒரு சின்னப் பையனைப் பார்த்து "உனக்குக் கண்ணு தெரியுமா, எவன்டா உன்னை அனுப்பினான்" என்று ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஆங்கிலத்தில் கத்துகிற இடத்துக்கு எப்படி வந்தோம் என்பது எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

நானும் கத்தியிருக்கிறேன். மகள் ஆட ஆரம்பித்த முதல் இரண்டு சீசனும் "மூணு செகண்ட்! மூணு செகண்ட்!" என்று தொண்டை கட்டக் கத்துவேன். பந்து வைத்திருக்கும் அணியின் ஆள் கூடைக்கு அடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி. எதிரணியின் உயரமான பெண் அங்கேயே நின்றுகொண்டே இருக்கிறாளே, நடுவர் ஏன் விசில் ஊதவில்லை என்று கொதிப்பேன். ஒருநாள் காரில் வரும்போது மகள் சொன்னாள்: "அப்பா, ஷாட் போட்டு ரீபவுண்டுக்கு எல்லாரும் குதிக்கிறப்ப மூணு செகண்ட் கணக்கே கிடையாது. நீங்க கத்துறப்ப எங்க கோச் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்." அப்புறம் வீடு வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று இரவு உட்கார்ந்து விதிகளைப் படித்தேன்.

படித்தால்தான் தெரிகிறது, கேலரியில் நாம் கத்துவதில் பெரும்பகுதி விதிப்படி தப்பு. "ஓவர் தி பேக்" என்று ஒரு ஃபவுலே உயர்நிலைப் பள்ளி விதிப்புத்தகத்தில் கிடையாது. உயரமான பிள்ளை பின்னாலிருந்து கையை நீட்டிப் பந்தை எடுத்தால் அது ஆட்டம். முன்னால் நிற்பவளை இடித்தாலோ தள்ளினாலோதான் ஃபவுல். "ரீச்சிங்" என்பதும் அப்படித்தான், கை நீட்டுவது குற்றமில்லை. பந்தைப் பிடித்திருக்கும் கை பந்தின் ஒரு பகுதியாகவே கருதப்படும், அதனால் பந்தைத் தட்டும்போது அந்தக் கையில் பட்டுச் சத்தம் கேட்டாலும் ஃபவுல் ஆகாது. பள்ளி ஆட்டத்துக்கு வேறு விதி, தொழில்முறை லீக்கான என்பிஏவுக்கு வேறு விதி. டிவியில் பார்ப்பதை வைத்துக்கொண்டு நாம் "ட்ராவல்" (பந்தைத் தரையில் தட்டாமல் கூடுதல் அடி வைப்பது) என்றும் "ட்ராவல் இல்லை" என்றும் தீர்ப்புச் சொல்கிறோம்.

அன்று அந்தப் பையன் வாங்கிய திட்டு பிளாக்கா சார்ஜா என்பதற்காக. இருவர் மோதினால் தப்பு தடுப்பவள் மேல் என்றால் பிளாக், பந்தோடு வருபவள் மேல் என்றால் சார்ஜ். கூடைப்பந்தில் இதைவிடக் கடினமான முடிவு இல்லை என்பேன். தடுப்பவள் முதலில் இரண்டு பாதமும் தரையில் இருக்க, எதிராளியைப் பார்த்து இடம் பிடித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பக்கவாட்டிலும் பின்னாலும் அவள் நகரலாம், அசையாமல் நிற்க வேண்டிய அவசியமில்லை. பந்தோடு வருபவள் ஷாட்டுக்காகத் தரையை விட்டு எழும்பும் முன்பே இவள் இடம் பிடித்தாளா, இடித்தது நெஞ்சுக்கு நேராகவா, பக்கவாட்டிலா? இத்தனையையும் ஒரு நொடிக்குள் பார்த்து விசிலை ஊத வேண்டும். 84 அடி நீளம், 50 அடி அகலம், பத்துப் பேர், ஜேவி ஆட்டங்களில் பெரும்பாலும் இரண்டே நடுவர்கள். ஐம்பதடி தள்ளி உட்கார்ந்திருக்கும் நமக்கு நம் பிள்ளை மட்டும்தான் தெரிகிறாள்.

என் அலுவலகத்தில் ஒருவர் பதினான்கு வருடம் பள்ளி ஆட்டங்களில் விசில் ஊதியவர். இந்த வருடம் விட்டுவிட்டார். சேரும்போது வகுப்புக்குப் போக வேண்டும், எழுத்துத் தேர்வு உண்டு, களத்தில் செய்து காட்ட வேண்டும். சங்கத்துக்கு வருடச் சந்தா. சட்டை, ஷூ, விசில் எல்லாம் சொந்தக் காசு. வேலை முடிந்து டிராஃபிக்கில் ஒரு மணிநேரம் ஓட்டிப் போய் ஒரு ஆட்டம் நடத்தினால் கிடைப்பது, இரவு ஹோட்டலில் குடும்பத்தோடு சாப்பிட்டால் செலவாகிற தொகை. "எனக்குக் கூடைப்பந்து பிடிக்கும், அதுக்காகத்தான் போனேன். என் பொண்ணைக் கூட்டிட்டுப் போன ஒரு நாள், எனக்குக் கிடைச்ச திட்டை அவள் கேட்டுட்டா" என்றார். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அவர் ஒருவர் மட்டுமில்லை. 2018-19 சீசனுக்குப் பிந்தைய மூன்று வருடங்களில் சுமார் 50,000 உயர்நிலைப் பள்ளி நடுவர்கள் விலகிவிட்டதாக, மாநிலங்களின் பள்ளி விளையாட்டுச் சங்கங்களுக்குத் தேசியக் கூட்டமைப்பான என்எஃப்எச்எஸ் சொன்னது. கொரோனாவும் அதில் ஒரு காரணம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கொரோனா வருவதற்கு முன்பே, 2019 தொடக்கத்தில், பெற்றோர்களைப் பார்த்து "கொஞ்சம் அடங்குங்கள்" என்கிற பொருளில் அதே அமைப்பு பகிரங்கமாக எழுத வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால், 2017இல், தேசிய விளையாட்டு நடுவர்கள் சங்கம் 17,000க்கும் அதிகமான நடுவர்களிடம் கேட்டது. யாரால் அதிகத் தொல்லை என்ற கேள்விக்கு முதலில் வந்த பதில் பெற்றோர். கோச்சுகள்கூட நமக்குப் பின்னால்தான். ஆண் நடுவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், தன் பாதுகாப்பை நினைத்து ஒரு தடவையாவது பயந்திருப்பதாகச் சொன்னார்கள்.

பார்வையாளர் தொல்லை இந்த ஆட்டத்தோடு கூடப் பிறந்ததோ என்றுகூடத் தோன்றும். 1891இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடையை மாட்டியது உடற்பயிற்சிக் கூடத்து மாடத்தின் விளிம்பில். மாடத்தில் நின்றவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தள்ளிவிட்டார்கள். அதைத் தடுக்கத்தான் கூடைக்குப் பின்னால் பலகை வந்தது. என் மகள் தினமும் பந்தைப் பட்டுத் தெறிக்கவிடும் அந்தப் பலகை, நம்மைத் தள்ளி நிறுத்த வைத்தது.

நடுவர்கள் தப்பே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. செய்கிறார்கள், சில நாள் நிறையவே செய்கிறார்கள். அதற்குக் கோச் இருக்கிறார், அவர் முறைப்படி எழுதி அனுப்பலாம், வீடியோ அனுப்பலாம். புது நடுவர்கள் கற்றுக்கொள்வதே ஜேவி, ஃப்ரெஷ்மேன் (ஒன்பதாம் வகுப்பு) ஆட்டங்களில்தான், நம் பிள்ளைகள் கற்றுக்கொள்கிற அதே இடம். நம் பிள்ளை கூடைக்குப் பக்கத்தில் போய்ப் போடும் லேஅப்பைத் தவறவிட்டால் "பரவாயில்லை, அடுத்தது" என்கிறோம். அவனுக்கு மட்டும் ஏன் அது கிடையாது?

ஆள் குறைந்தால் முதலில் அடிபடுவதும் அந்தச் சின்ன ஆட்டங்கள்தான். வார்சிட்டிக்கு எப்படியாவது ஆள் பிடித்துவிடுவார்கள். இந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஃப்ரெஷ்மேன் பிள்ளைகளின் ஆட்டம் இரண்டு முறை நடுவர் இல்லாமல் ரத்தானது. சீருடை போட்டுக்கொண்டு ஜிம்மில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அப்படியே பஸ் ஏறிப் போனார்கள்.

எங்கள் மாநிலத்திலேயே டெப்ட்ஃபர்டில், சிறுவர் பேஸ்பால் லீக் ஒன்று 2023இல் ஒரு விதி கொண்டுவந்தது: அம்பயரிடம் அத்துமீறுபவர், மூன்று ஆட்டத்துக்கு அம்பயராக நின்றால்தான் மறுபடி ஆட்டம் பார்க்க வரலாம். எனக்கு அது மிகவும் பிடித்தது. கூடைப்பந்தில் பயிற்சியில்லாத ஆளைக் களத்தில் விட முடியாது, சரி. ஆனால் நடுவர் கேட்கும்வரை பள்ளி நிர்வாகம் ஏன் காத்திருக்கிறது? கேலரியின் நடத்தைக்குப் பொறுப்பு ஆட்டத்தை நடத்தும் பள்ளிதான். முதல் முறை எச்சரிக்கை, இரண்டாவது முறை வாசல். யாருடைய அப்பாவாக இருந்தாலும் சரி.

நேற்று வியாழக்கிழமை ஆட்டத்துக்கு அந்தப் பையன் வரவில்லை. வந்தது ஒரே ஒரு நடுவர். அறுபது வயதைத் தாண்டியிருப்பார். இரண்டு பக்கமும் அவர் ஒருவரே ஓடினார். அன்று முதலில் கத்திய அந்தத் தமிழ் அப்பா பக்கத்தில் நான் போய் உட்கார்ந்தேன். இரண்டாவது கால்பகுதியில் எங்கள் பிள்ளை மேல் ஒரு ஃபவுல் வந்தது, அவர் எழுந்தார். கையைப் பிடித்து "உட்காருங்க அண்ணா, அந்த ஆள் தனியா ஓடுறார்" என்றேன். கொஞ்ச நேரம் என்னை முறைத்தார், பிறகு உட்கார்ந்தார்.