டெக்சாஸ்காரருக்கு வரித் திட்டம் தேவையில்லையாம்

சனிக்கிழமை இங்கே டெக்சாஸில் நம் தமிழ் ஆட்கள் நடத்திய இன்ஷூரன்ஸ் பாலிசிக் கூட்டத்தைப் பற்றி, வரித் திட்டமே வேண்டாமா என்று நம் வாட்ஸ்அப் குழுவில் நான் கேட்ட கேள்வியை அட்மின் நீக்கிவிட்டார். சரி, குழு அவருடையது. அதனால் இங்கே முழுசாக எழுதுகிறேன். வந்திருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். "டெக்சாஸில் இன்கம் டாக்ஸே கிடையாது, உங்களுக்கு டாக்ஸ் பிளானிங் என்று தனியாக எதுவும் வேண்டாம், இந்த ஒரு பாலிசி போதும்" என்று குழந்தைகளோடு வந்து உட்கார்ந்திருந்த இன்ஜினியர்களிடம் மைக்கைப் பிடித்துச் சொன்னார்கள். பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு அங்கேயே நெஞ்சு எரிந்தது.

இங்கே இல்லாதது மாநிலத்துக்குக் கட்டும் வருமான வரி மட்டும்தான். 2019-ல் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தி, இனியும் அதைப் போட முடியாதபடி செய்துவிட்டார்கள், நல்ல விஷயம். ஆனால் அமெரிக்க மத்திய அரசுக்குக் கட்டும் ஃபெடரல் வரி இங்கே டாலஸில் இருப்பவருக்கும் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இருப்பவருக்கும் ஒரே விகிதம்தான். நம் சம்பளத்தில் பெரிய வெட்டு விழுவதே அங்கேதான். அதைக் குறைக்க வழி பார்க்காமல் எதைக் குறைக்கப் போகிறோம்?

என் மச்சினன் ஆஸ்டினில் இருக்கிறான். கணவன் மனைவி இருவருக்கும் வேலை, வரிக்குரிய வருமானம் 4 லட்சம் டாலரைத் தாண்டி 32 சதவீத ஃபெடரல் வரிப் படிக்குப் போய்விட்டது. ஆர்எஸ்யு, அதாவது கம்பெனி சம்பளத்தோடு கொடுக்கும் பங்கு, கைக்கு வரும்போது கம்பெனி வரியாகப் பிடித்ததோ 22 சதவீதம். பெரும்பாலான கம்பெனிகள் போனஸுக்கும் பங்குக்கும் அந்த விகிதத்தில்தான் பிடிக்கும், நாம் எந்தப் படியில் இருக்கிறோம் என்று கம்பெனிக்குத் தெரியாது. 80,000 டாலர் பங்கு வந்தால் பத்து சதவீத வித்தியாசமே 8,000 டாலர். ஏப்ரலில் அதைக் கட்டச் சொன்னபோது "டெக்சாஸில்தானே இருக்கிறேன், எனக்கு எதுக்கு இது?" என்று என்னிடமே கேட்டான். படித்த பையன், கெட்டிக்காரன். அவன் காதில் யாரோ இதே பாட்டைப் பாடியிருக்கிறார்கள். முந்தைய வருட வரியில் 110 சதவீதம் நடப்பு வருடத்துக்குள்ளேயே கட்டியாகிவிட்டால் அபராதம் கிடையாது, சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று கம்பெனிக்குக் கொடுக்கும் டபிள்யூ-4 படிவத்தில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம் என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும். வரித் திட்டம் என்றால் இதுதான்.

"மாநில வரி இல்லாததால், கம்பெனி வழியாக வரிக்கு முன்பே போடும் 401(கே) ஓய்வூதியச் சேமிப்பில் லாபம் இங்கே குறைவு, அதைத்தானே அவர் சொன்னார்" என்று ஒரு நண்பர் தனியாக எழுதினார். பாதி உண்மை. கலிபோர்னியாவில் 9.3 சதவீதப் படியில் இருப்பவருக்கு மாநில வரியும் மிச்சமாகும், நமக்கு ஆகாது. அதற்காக ஃபெடரல் மிச்சத்தை விட்டுவிடுவதா? 2026-ல் 24,500 டாலர் வரை போடலாம், 24 சதவீதப் படியில் அதுவே 5,880 டாலர். அந்தப் பாதி உண்மையிலிருந்து வர வேண்டிய முடிவும் வேறு. நாளைக்கே கலிபோர்னியாவுக்கோ நியூ ஜெர்சிக்கோ மாறக்கூடியவர் இங்கே இருக்கும்போதே, வரி கட்டிய பணத்தைப் போட்டு ஓய்வில் வரியில்லாமல் எடுக்கும் ராத் கணக்கை நிரப்பலாம், ஐஆர்ஏ என்ற பழைய ஓய்வூதியக் கணக்கை ராத்துக்கு மாற்றலாம், விற்க நினைக்கும் பங்கைக் கிளம்பும் முன் விற்கலாம். மாநில வரி தலையிடாது. கலிபோர்னியாவிலிருந்து இங்கே வந்தவர்களுக்கு இன்னொன்று. அங்கே வேலை பார்த்தபோது கொடுத்த ஆர்எஸ்யு இங்கே கைக்கு வந்தாலும், அங்கே உழைத்த நாட்களுக்கான பகுதிக்குக் கலிபோர்னியா வரி கேட்கும். இதில் ஒரு வரியாவது மேடையில் வந்ததா?

வந்தது ஐயுஎல், பங்குச் சந்தைக் குறியீட்டை வைத்து லாபம் தரும் ஆயுள் காப்பீட்டு பாலிசி. "வரியில்லா ஓய்வூதியம்" என்றார்கள். அதில் போடுவது வரி கட்டிய பிறகு மிஞ்சும் பணம். சந்தை எவ்வளவு ஏறினாலும் நமக்கு ஓர் உச்சவரம்பு, டிவிடெண்ட் கணக்கில் வராது, முதல் பத்துப் பதினைந்து வருடங்களுக்குள் விட்டால் சரண்டர் கட்டணம். கடனாக எடுத்தால் வரி இல்லை என்பது பாலிசி உயிரோடு இருக்கும்வரைதான், இடையில் அது காலாவதியானால் எடுத்த லாபத்துக்கு ஒரே அடியாக வரி வரும். எச்1பி வேலை விசாவில் இருக்கிறவருக்கு வேலை போனால் இங்கே தங்க அதிகபட்சம் 60 நாள். அப்போது மாதம் ஆயிரம் டாலர் பிரீமியம் யார் கட்டுவது? இன்ஷூரன்ஸே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், கட்டாயம் வேண்டும், குறைந்த செலவில், குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் ஆயுள் காப்பீடு தரும் டெர்ம் பாலிசி எடுங்கள்.

"நீ என்ன சிபிஏவா, லைசென்ஸ் வாங்கிய கணக்கரா?" இல்லை. மேடையில் பேசியவரும் இல்லை, அவரிடம் இருப்பது இன்ஷூரன்ஸ் விற்கும் லைசென்ஸ். "வயிற்றெரிச்சல்" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. "லட்சக்கணக்கில் சம்பாதித்துவிட்டு வரிக்கு அழுகிறான்" என்று ஊரிலிருந்து சிலர் எழுதுவார்கள். ஐயா, வரி கட்ட மாட்டேன் என்று நான் எங்கே சொன்னேன்? சட்டம் கொடுத்த சலுகையைக் கேட்கிறேன், அவ்வளவுதான். டெக்சாஸும் நம்மைச் சும்மா விடவில்லை. வருமானத்தில் எடுக்காததைக் கவுண்டியும் நகரமும் பள்ளி மாவட்டமும் வீட்டு வரியாக எடுக்கின்றன. 5 லட்சம் டாலர் வீட்டுக்கு வருடம் 10,000 டாலரை நெருங்கும், புதுக் காலனிகளில் தண்ணீர், சாலை போன்ற வசதிகளுக்காக எம்யூடி, பிஐடி என்று தனியாக வேறு. குடியிருக்கும் சொந்த வீட்டுக்குக் கிடைக்கும் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு விண்ணப்பிக்காமலே இருக்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள். பள்ளி வரி கணக்கிடும்போது வீட்டு மதிப்பில் இப்போது 1,40,000 டாலரைக் கழித்துவிடுவார்கள். மதிப்பீடு அதிகம் என்று தோன்றினால் மே 15-க்குள் எதிர்ப்பு கொடுக்கலாம், பலருக்கும் அந்தத் தேதி. கட்டிய வீட்டு வரியையும் விற்பனை வரியையும் ஃபெடரல் கணக்கில் கழிக்க 2025-ல் வரம்பு 40,000 டாலராக உயர்ந்தது. வீட்டுக் கடன் வட்டியும் சேர்ந்தால், எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கும் கழிவை (2025-ல் தம்பதிக்கு 31,500 டாலர்) தாண்டுகிறதா என்று ஒரு முறை கூட்டிப் பார்த்தீர்களா?

ஊரில் அப்பாவோடு ஜாயின்ட்டாக இருக்கும் கணக்கு இன்னொரு கவலை. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையை அமெரிக்க அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் நாம் ஊரில் வைக்கும் என்ஆர்ஈ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, இங்கே உண்டு. அதைக் கேட்க எழுந்தவரைத்தான் "அப்புறம் தனியாகப் பேசலாம், தம்பி" என்று உட்கார வைத்தார்கள். அந்தப் பையன் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

வருத்தம் எனக்கு இங்கேதான். வெளியாள் ஒருவன் போன் போட்டு இதே பாலிசியை விற்றால் நாம் வைத்துவிடுவோம். அங்கே எழுந்து போக முடியவில்லை, ஏனென்றால் கூப்பிட்டது பொங்கலுக்கு நாற்காலி தூக்கிப் போட நாமெல்லாம் சேர்ந்து நின்ற அதே ஆட்கள். அண்ணா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பித்தான் வந்தார்கள். நானும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். அவர் என் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கலாம், நீக்கியிருக்க வேண்டாம்.

அன்றைக்கு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும் இதைக் கேளுங்கள். பாலிசி கைக்கு வந்ததும் முதல் பக்கத்தில் ஃப்ரீ லுக் காலம், அதாவது படித்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் காலம், எத்தனை நாள் என்று அச்சிட்டிருப்பார்கள். அதற்குள் திருப்பிக் கொடுத்தால் கட்டிய பணம் திரும்ப வரும். வாய் வார்த்தையாகச் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள்.