பழசு வேற, பழுது வேற

சனிக்கிழமை கிளிநொச்சியில நடந்த கமராப் பட்டறையைப் பற்றி ஆளாளுக்கு எழுதிக் களைச்சிட்டீங்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தனான். நேற்று ஒரு தம்பி வந்து, "அண்ணை, படிப்பிக்க வந்தவர் பகிடிக்குத்தானே சொன்னவர்" எண்டு எழுதினதோட பொறுமை போச்சு.

பகிடி எண்டால் ரெண்டு பக்கமும் சிரிக்கவேணும். 17 வயசுப் பிள்ளையின்ர கையில இருந்த லென்ஸை வாங்கி, அத்தினை பேருக்கு முன்னால தூக்கிக் காட்டி, "இது மியூசியத்துக்குக் குடுக்கிற சாமான், அடுத்தமுறை ஒழுங்கான லென்ஸோட வாங்கோ" எண்டு சொல்லுறதுக்கு எங்கட ஊரில வேற பேர். அந்தப் பிள்ளை என்ர பெறாமகள். லென்ஸ் என்ர.

அந்த 'மியூசியச் சாமான்' என்னெண்டு தெரியாத ஆக்களுக்கு: நிக்கோன் கொம்பனியின்ர நிக்கோர் 80-200 சூம் லென்ஸ், எஃப் 4.5. முழுக்க மானுவல், எல்லாம் கையாலதான். ஒரே வளையம்தான், முன்னுக்குப் பின்னுக்கு இழுத்தால் சூம், சுத்தினால் ஃபோகஸ். மாமா ஜேர்மனியில ஒரு பழஞ்சாமான் சந்தையில வாங்கி, 2012இல ஊருக்கு வரேக்க சட்டைகளுக்குள்ள சுத்திக் கொண்டுவந்தவர். நிக்கோன் 1959இல கொண்டுவந்த எஃப் மவுண்ட்தான் (லென்ஸ் பூட்டுற வாய்) இவளின்ர டிஜிட்டல் கமராவிலயும் இருக்கு. அடப்டர் ஒண்டும் தேவையில்லை, 'டக்' எண்டு பூட்டுப்படும். செய்த கொம்பனியே கழிச்சுவிடேல்லை. நீங்கள் ஆர் கழிச்சுவிட?

பழசு வேற, பழுது வேற.

இந்த லென்ஸைப் போட்டால் அவளின்ர கமரா வெளிச்சம் அளந்து சொல்லாது. அது உண்மை. மானுவல் மோட்டில வைச்சு, கண்ணாலதான் கணக்குப் பாக்கவேணும். வெட்ட வெயிலுக்கு லென்ஸின்ர துவாரம் எஃப் 16, ஐஎஸ்ஓ 100 எண்டால் ஷட்டர் 1/100 செக்கன் கிட்ட. மேகம் மூடினால் துவாரத்தை ஒரு ஸ்டொப், ரெண்டு ஸ்டொப் திறக்கவேணும் (ஒரு ஸ்டொப் எண்டால் வெளிச்சம் ரெண்டு மடங்கு). மூண்டே மாதத்தில முத்தத்து வெயிலைப் பார்த்து நம்பர் சொல்லப் பழகிட்டாள். அண்டைக்குச் சிரிச்ச எத்தினை பேருக்கு அது ஏலும்? படிப்பிக்க வந்தவருக்கே... சரி, விடுங்கோ.

"ஓட்டோ ஃபோகஸ் இல்லாமல் பறவை எடுக்கலாமோ?" இரணைமடுக் குளத்துக்கு வாங்கோ. மீன்கொத்தி சுத்திச் சுத்தி அதே பட்ட கொப்புக்குத்தான் வரும். கொப்பில ஃபோகஸை வைச்சிட்டுக் குந்தியிருக்கவேண்டியதுதான். சரிவந்தால் வியூஃபைண்டரில கீழ் இடது மூலையில பச்சைப் புள்ளி நிண்டு எரியும். அந்தக் கமராவின்ர சென்சர் சின்னன், 200 எண்டது 300 மாதிரி நிக்கிறதால ஷட்டர் 1/320க்குக் கீழ இறங்கினால் கை ஆட்டம் காட்டிக்குடுத்திடும். பறக்கிற பருந்தோ? பத்தில எட்டு பிழையாப் போகும், ஒத்துக்கொள்ளுறன். மிச்ச ரெண்டையும் நீங்கள் இங்கதான் பார்த்து லைக் போட்டனீங்கள்.

"கலியாண வீட்டுக்கு?" கலியாண வீட்டுக்கு இதைக் கொண்டுபோகச் சொன்னது ஆர்? வெளிச்சம் குறைஞ்ச இடத்துக்கு இது சரிவராது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் இரவுக்கே நான் கொண்டுபோறேல்லை.

பூஞ்சணம் பற்றி ஒராள் பந்தி பந்தியா எழுதியிருந்தார். ஐயா, பூஞ்சணம் புதுசு பழசு பாக்காது. மாரிக்குள்ள அலுமாரியில பூட்டி வைச்சால் உங்கட புது லென்ஸிலயும் வலை பின்னும். நான் பிஸ்கற் பேணிக்குள்ள, சப்பாத்துப் பெட்டியில வாற சிலிக்கா ஜெல் பைக்கற்றோட வைச்சிருக்கிறன். இத்தினை வருசத்தில ஒரு பொட்டு இல்லை. (லென்ஸைக் கீழ சரிச்சால் வளையம் தானா வழுக்கும். அதுக்கு றப்பர் பாண்ட் போட்டிருக்கிறன். சிரிக்கிறவை சிரியுங்கோ.)

"வறுமையை அழகாக்காதேங்கோ" எண்டு இன்னொருத்தர். இதுதான் குத்தினது. ஆர் அழகாக்கினது? புது லென்ஸில எனக்கும் ஆசைதான். 2022இல ரூபா விழுந்த பிறகு விலை கேட்டுப் பார்த்தனீங்களோ? பொருளாதாரத் தடைக்குள்ள பற்றரி இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட வன்னியில வளர்ந்தவன் நான். மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓட்டின சனம் நாங்கள். அதை அழகு எண்டு ஒருக்காலும் சொன்னதில்லை. கையில கிடக்கிறதை வைச்சு வேலை பாக்கத் தெரிஞ்சது வெக்கம் இல்லை எண்டுதான் சொல்லுறன். எங்கட வீட்டில 2009க்கு முந்தின படம் ஒண்டுகூட இல்லை. அம்மான்ர முகம் அடையாள அட்டைப் பிரதியில மட்டும், அதுவும் பாதி கறுத்து... அது வேற கதை, இங்க வேண்டாம். படத்தின்ர அருமையை ஆரும் வந்து எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

பட்டறையால வந்தவுடன லென்ஸைத் துடைச்சு, மூடி போட்டு, பேணிக்குள்ள வைச்சிட்டு, "சித்தப்பா, இதை நீங்களே வைச்சிருங்கோ" எண்டாள். அழவும் இல்லை, ஏசவும் இல்லை. விடியப்புறம் திரும்ப லென்ஸைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போயிட்டாள் எண்டு எழுத எனக்கும் ஆசைதான். போகேல்லை. நாலு நாளாப் பேணி மேசையிலதான் கிடக்கு.