அழகிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைப் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இத்தாலிய ஓவியர் காரவாஜியோவின் ஓவியத்தைத் திரையில் போட்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "கொலைகாரனுக்கு வக்காலத்தா?" என்று ஒரு குரல். கைதட்டல் வேறு.

சரி, கொலைகாரர்தான். 1606இல் ரோமில் ஒருவரைக் கொன்றார், தலைக்கு விலை வைத்ததும் ஊர் ஊராக ஓடினார், 1610இல் செத்தும் போனார். இதை நான் மறைக்கவில்லையே, இதைச் சொல்லத்தானே அந்தப் படத்தையே எடுத்துப் போனேன்! பைபிள் கதையில் ராட்சதன் கோலியாத்தை வென்ற சிறுவன் தாவீது. அவன் கையில் தொங்கும் கோலியாத்தின் தலை, வரைந்தவரின் சொந்த முகம். ஒரு கண்ணில் இன்னும் கொஞ்சம் உயிர் ஒட்டியிருக்கிறது, மற்றது மங்கிவிட்டது. வென்ற பையன் முகத்தில் துளி சந்தோஷம் இல்லை. இதைச் சொல்வதற்குள் மைக் கைமாறிவிட்டது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அழகு யாருடைய யோக்கியதைக்கும் ஜாமீன் நிற்காது. படம் நன்றாக இருப்பதால் வரைந்தவர் உத்தமர் ஆகிவிட மாட்டார். அவர் அயோக்கியர் என்பதால் படத்தில் விழும் வெளிச்சமும் அணைந்துவிடாது.

"நாஜிப் பிரசாரப் படத்தையும் ரசிப்பீரோ?" என்பார்கள். ஜெர்மன் திரைப்பட இயக்குநர் ரீஃபென்ஸ்டால் ஹிட்லருக்காக எடுத்ததில் தீமை படத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அது வேறு வழக்கு. "உயிரோடிருப்பவனுக்குப் பணம் போகிறதே?" நியாயம், கொடுக்காதீர்கள். ஆனால் எப்போதோ செத்துப்போன ஆங்கிலேயச் சிற்பி எரிக் கில் பெற்ற மகள்களையே சீரழித்தவர் என்பது 1989இல் வெளியே வந்தது. அவர் வடிவமைத்த கில் சான்ஸ் எழுத்துரு உங்களில் பலர் கணினியில் இருக்கும். அழித்துவிட்டீர்களா, ஒழுக்கசீலர்களே?

எனக்கு வெளிச்சத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரும் நல்லவர் இல்லை. "நிழலைக் கறுப்பால் அப்பாதே, அதற்குள்ளும் நிறம் இருக்கு" என்பார். அதே மனிதர் ஒருநாள் பக்கத்து இருக்கைப் பெண் வரைந்ததை எல்லார் முன்னும் நாலாகக் கிழித்து, "உனக்கெல்லாம் விரல் எதுக்கு?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும்தான். மறுநாள் முதல் அவள் வரவில்லை, அப்புறம் வரையவே இல்லை.

இன்றும் நிழல் போடும்போது முதலில் அதற்குள் இருக்கும் நிறத்தைத்தான் தேடுகிறேன். அது அவர் கொடுத்தது. என்ன செய்யச் சொல்கிறீர்கள், கையை வெட்டிக்கொள்ளவா?

"உனக்கு வலிக்கவில்லை, அதனால் பேசுகிறாய்" என்று ஒருவர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். இருக்கலாம். மற்றவர்கள் தட்டிய கைதட்டலுக்காக நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஞாயிறன்று மூன்றாவது வரிசையில் அவளும் உட்கார்ந்திருந்தாள். பல வருஷம் கழித்து, நான் கூப்பிட்டுத்தான் வந்தாள். அவளும் கை தட்டினாள்.